அறுபத்தொரு பிள்ளைகளின் ஞானத்தகப்பன்

பட்டணத்தில் ஒரு சக்கரவர்த்தி இருந்தார், அவருக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அவர் பாட்டுக்குத் தன் பொற்கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எந்தச் சித்தப்பாவின் கண்ணைப் பிடுங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கட்டும். நமக்கு வேண்டியது அங்கிருந்து பதினோரு நாள் கப்பலில் போனால் கருங்கடல் ஓரத்தில் வரும் அமிக்தலா என்ற ஊர். எழுபது வீடு, ஒரு கோயில், ஒரு பொது ரொட்டி அடுப்பு, கொஞ்சம் பாதாம் மரங்கள், மற்றதெல்லாம் கல். அந்த ஜனங்கள் கிரேக்கம் பேசினார்கள், தங்களை ரோமர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள், அது எப்படி என்று கேட்டால் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்தக் கோபத்துக்குப் பெரிய தீனி போட்டது ஞானஸ்நானம். பிள்ளையைத் தொட்டித் தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுத்ததும் கையில் வாங்கிக்கொள்ள ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். ஒரு வீட்டுக்காரனைக் கூப்பிட்டால் மீதி அறுபத்தெட்டு வீடும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது போகட்டும் என்றால், ஞானத்தகப்பன் வீடு ரத்த உறவுக்குச் சமம், அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கூடாது கொடுக்கவும் கூடாது என்று திருச்சபைச் சட்டம் சொன்னது. எழுபது வீட்டு ஊரில் ஒரு சம்பந்தி வீட்டை இப்படி வீணடிக்க யாருக்கு மனசு வரும்? அதனால் ஒரு புத்திசாலி, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கோயிலில் தொங்கிய புனித கலந்தியோஸின் திருப்படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, தொட்டியருகே நிறுத்தி, "இவர்தான் எம் பிள்ளைக்கு ஞானத்தகப்பன்" என்று சொல்லிவிட்டான். புனிதருக்கு வீடு இல்லை, வாசல் இல்லை, கட்டிக்கொடுக்க மகள் இல்லை, யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஊரே வாயைப் பிளந்தது, அடுத்த மாதமே ஊரே அதைச் செய்தது. இப்படியாக அமிக்தலாவின் அறுபத்தொரு பிள்ளைகளுக்கும் அதே படம் ஞானத்தகப்பனாக நின்றது, ஊரார் தங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

பாஸ்கா திருவிழா முடிந்த முதல் சனிக்கிழமை காலை, மரீனா என்ற விதவை தன் வீட்டு வாசலில் ஒரு கணவாய் மீனைக் கல்லில் அடித்து மெதுவாக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவன், மூழ்கியவன் மூழ்கியவன்தான்; அப்போது வயிற்றில் இருந்த பெண் ஃபோத்தினிக்கு இப்போது பத்தொன்பது வயது. சிவப்பு மேலங்கியும் கையில் ஈட்டியும் தலைக்குப் பின்னால் தங்க வட்டமுமாக ஒரு போர்வீரன் வந்து நின்றான்.

"குழந்தையப் பாக்க வந்தேன்" என்றான்.

"எந்தக் குழந்தை?"

"என் ஞானப் பிள்ளை. ஃபோத்தினி."

மரீனா நிமிர்ந்து பார்த்தாள். இடது கன்னத்தில் மெழுகுவர்த்திக் கரி. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் படத்தில் அந்தக் கரியைப் பார்த்து, துடைக்க ஒரு ஆள் இல்லையே என்று முணுமுணுத்தவள் அவள்தான்.

"பத்தொம்பது வருஷமாச்சு, சாமி" என்றாள். "தொட்டில் துணியெல்லாம் கந்தலாப் போயித் தூக்கி எறிஞ்சாச்சு."

"அங்க நேரம் தெரியறதில்லைம்மா. மத்தியானம் கொஞ்சம் கண் அசந்த மாதிரிதான் இருந்துச்சு."

"சரி சரி. ஈட்டிய வெளியில சாத்திட்டு வாங்க."

புனிதர் ஈட்டியைச் சாத்திவிட்டு உள்ளே போய், கணவாய் வேகும்வரை காத்திருந்து சாப்பிட்டார். கோயிலில் அதே நேரம் படத்தில் வெறும் தங்கப் பின்னணிதான் இருந்தது, நடுவில் ஆள் வடிவத்தில் ஓர் ஓட்டை. வேண்டிக்கொள்ள வந்தவர்கள் அதன் முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டு, வெளியே போயிருக்கிறார் போல, வந்துவிடுவார் என்று சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

சனிக்கிழமை மரீனா வீடு, மற்ற நாட்களில் மற்ற வீடுகள் என்று அவர் முறை வைத்துக்கொண்டு வரத் தொடங்கினார். ஞானத்தகப்பன் வெறுங்கையோடு வரக்கூடாது அல்லவா, ஆனால் அவரிடம் சொத்து என்று இருந்ததெல்லாம் ஊரார் அவருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி மிச்சங்கள்தான். அவற்றையே பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்தார், தாங்கள் ஏற்றிய மெழுகுவர்த்தியே வீட்டுக்குத் திரும்பி வந்ததைப் பார்த்துப் பலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் அதையே மறுபடி ஏற்றினார்கள். ஓவியன் முதுகை வரையாததால் அவருக்கு முதுகு கிடையாது, ஆகவே எப்போதும் முகத்தைக் காட்டியபடியே நின்றார், விடைபெறும்போது கும்பிட்டுக்கொண்டே பின்னால் நடந்துபோனார், வழியிலிருந்த கோழிக்கூடுகளை இரண்டு முறை சாய்த்துவிட்டார். மூன்றாவது வாரம் ஊரார் கோழிக்கூடுகளை நகர்த்தி வைத்தார்கள். அவ்வளவுதான், பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான், விவாதம். ரொட்டி அடுப்படியில் மாவுத் தட்டோடு காத்திருந்த பெண்களும் ஆண்களும், வருவது படமா புனிதரா என்று ஆரம்பித்தார்கள். படத்துக்குச் செய்யும் மரியாதை அசல் ஆளுக்குப் போய்ச் சேரும் என்பது திருச்சபையின் பெரிய சங்கத்தில் பிதாக்கள் முடிவு செய்த விஷயம்; அப்படியென்றால் படத்துக்குப் போட்ட பருப்புக் கஞ்சி யார் வயிற்றுக்குப் போகிறது? உண்மையாகவே சாப்பிடுகிறார் என்றது ஒரு கட்சி, சாப்பிடுவதுபோல் தோன்றுகிறார் என்றது இன்னொரு கட்சி, இரண்டாவது கட்சிக்காரன் ஒருவனுக்கு மூக்கு உடைந்தது, உண்மையாகவே உடைந்ததா உடைந்ததுபோல் தோன்றியதா என்று முதல் கட்சி அவனைக் கேட்டது. புனிதரிடமே கேட்டுவிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரிடம் கேட்டால் விவாதம் முடிந்துவிடுமே.

ஃபோத்தினிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவள் தறியில் கம்பளி நெய்பவள். சனிக்கிழமைகளில் புனிதர் நூல் சிட்டத்தை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் அதைக் கண்டாகச் சுற்றிக்கொண்டே பேசுவாள். இருபத்துநாலு வயதில் வேதசாட்சியாகச் செத்தவர், மீசை சரியாக முளைக்கவில்லை, பார்த்தால் அவளுக்கு அண்ணன் மாதிரிகூட இல்லை. இருந்தாலும் ஞானப்பா என்று கூப்பிட்டாள், அந்தச் சொல்லின் பின்பாதியைக் கொஞ்சம் அழுத்திக் கூப்பிட்டாள், ஏனென்றால் அதை அதுவரை அவள் வேறு யாரிடமும் சொல்லிப் பார்த்ததில்லை.

"ஞானப்பா, நிகித்தாஸ் பத்தி என்ன நினைக்கறீங்க?"

நிகித்தாஸ் பங்குச்சாமி கிரிகோராஸின் மகன் (அந்த நாட்டில் பங்குச்சாமிகளுக்கு மனைவி மக்கள் உண்டு). படகுகளுக்குத் தார் பூசுபவன், எப்போதும் தார் நாற்றம், ஆனால் சிரித்தால் நாற்றம் தெரியாது என்று அவள் சொன்னாள்.

"எனக்கு என்னம்மா தெரியும்" என்றார் புனிதர். "குதிரை பத்திக் கேளு, சொல்றேன். நான் வாழ்க்கையில ஒழுங்கா செஞ்ச ஒரே வேலை செத்ததுதான்." கொஞ்சம் யோசித்து, "நல்ல பையன்தான். போன செவ்வாக்கிழமை அவங்க வீட்டுக்குப் போனப்ப அவன் தட்டுலேருந்து எனக்கு மீன் வெச்சான்" என்றார்.

நிச்சயம் ஆனது. திராட்சை அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேசினார்கள்.

இங்கேதான் கிரிகோராஸ் சாமி கெடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. சந்தேகம் பிடித்தவர், தூக்கத்தில் கொட்டாவி விட்டாலும் அது பாவமா என்று காலையில் எழுந்து யோசிப்பவர். புதன்கிழமை ஒருசந்தி விரத நாள், அன்று மீன் ஆகாது. ஆனால் புதன்கிழமை முறை வரும் வீட்டுக்காரர்கள், விருந்தாளிக்கு வெறும் அவரைக்காயா போடுவது என்று மீன் போட்டார்கள், புனிதரும் மறுக்காமல் சாப்பிட்டார். செத்தவர்களுக்கு ஒருசந்தி உண்டா? கிரிகோராஸ் சாமி மூன்று இரவு தூங்காமல், கடைசியில் ஆயருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். "எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறுபத்தொருவருக்கும் ஞானத்தகப்பனாகிய புனிதர், பிள்ளைகளைப் பார்க்க வீடு வீடாக வரும்போது, புதன்கிழமையில் அவருக்கு மீன் பரிமாறலாமா, கூடாதா?"

மீனைப் பற்றி ஆயர் பதிலே எழுதவில்லை. ஆயர் பட்டணத்தில் சட்டம் படித்தவர்; உறவு முறைகளை ஏழு தலைமுறைவரை விரலில் எண்ணக் கூடியவர். அவர் எழுதியது இது: படத்தை ஞானத்தகப்பனாக நிறுத்தியது பக்தி, அதை விட்டுவிடலாம். ஆனால் ஞானத்தகப்பன் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டார் என்றால் அது உறவு. ஒரே தகப்பனின் பிள்ளைகள் உடன்பிறப்புகள். ஆகவே அமிக்தலாவில் இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்ட எந்த ஆணும் எந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் மணக்க முடியாது. மணந்தவர்கள் பிரிய வேண்டும். நான் நேரில் வருகிறேன்.

கிரிகோராஸ் சாமி கடிதத்தைக் கோயிலில் வாசித்தார். சம்பந்தி வீடு ஒன்றுகூட வீணாகக்கூடாது என்று கணக்குப் போட்ட ஊரில் இப்போது எல்லா வீடும் ஒரே வீடாகிவிட்டது. ஏற்கெனவே கல்யாணமாகியிருந்த இரண்டு இளம் ஜோடிகளில் மூன்று பேர் அழுதார்கள்; நாலாவது ஆள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் பெயரைச் சொல்லமாட்டேன். நிகித்தாஸ் தன் அப்பாவைப் பார்த்தான்.

"ஒரு மீனுக்காகவா, அப்பா?" என்றான்.

ஃபோத்தினி அழவில்லை. அந்தச் சனிக்கிழமை நூல் சிட்டத்தை அவர் கைகளில் மாட்டிவிட்டு, "ஞானப்பா, நீங்க வராமலே இருந்திருக்கலாம்" என்றாள். சொன்ன உடனே, "அப்படி இல்லை, அப்படி இல்லை, நீங்க வந்தது எனக்கு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். புனிதர் கையில் சிட்டத்தோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், மரீனாதான் வந்து கழற்றிவிட்டாள்.

ஆயர் கோவேறு கழுதையில் வந்தார். கூடவே பதிவேட்டோடு ஓர் எழுத்தர். இடுப்புவலிக்காரர், நாலு நாள் மலைப்பாதை, இறங்கும்போது முனகினார். கொடூரமானவர் என்று சொல்ல முடியாது, ஆனால் சட்டம் என்று ஒன்று இருந்தால் அதை எங்கே வைத்தோம் என்று மறக்கத் தெரியாதவர். கோயில் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புனிதரை வரச் சொன்னார். புனிதர் வந்தார். ஊர் முழுக்க நின்றது.

"இதுல நான் தீர்ப்பு சொல்ல ஒண்ணும் இல்லை" என்றார் ஆயர். "சாட்சி ஒருத்தர்தான். புனிதர்கள் பொய் சொல்றதில்லை. அவர் என்ன சொல்றாரோ அதுதான் பதிவாகும்." ஃபோத்தினியையும் நிகித்தாஸையும் முன்னால் கூப்பிட்டார். "இந்தப் பையன உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். என் ஞானப் பிள்ளை."

"இந்தப் பொண்ண?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கலந்தியோஸ் எப்படி வேதசாட்சியானார் என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பழைய ராஜாங்கத்து ஆளுநன் அவரை நிறுத்தி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, உன் ஆண்டவரை உனக்குத் தெரியாது என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ என்றான். வீட்டில் அம்மா இருந்தாள், லாயத்தில் குதிரை இருந்தது, வயது இருபத்துநாலு. அவர் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லாததால்தான் தலை போனது, அதனால்தான் படம், அதனால்தான் அவ்வளவு மெழுகுவர்த்தியும்.

இப்போது அவர் ஃபோத்தினியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதற்கா வேண்டும் என்பதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இந்தப் பொண்ண எனக்குத் தெரியாது" என்றார்.

வேதத்தில் சீடன் ஆண்டவரைத் தெரியாது என்றதும் கூவிய மாதிரி இங்கே சேவல் ஒன்றும் கூவவில்லை. கூவ வேண்டிய சேவல்கள் எல்லாம் ஆயருக்கு விருந்து என்று காலையிலேயே பானைக்குப் போயிருந்தன.

எழுத்தர் இரண்டாம் முறை கேட்டு எழுதிக்கொண்டார். ஆயர், "அப்படின்னா இவளுக்கு ஞானத்தகப்பன் கிடையாது, இவனுக்குத் தங்கச்சி இல்லை, கல்யாணத்துக்குத் தடை இல்லை" என்றார், சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. உடனே பெண்பிள்ளை பெற்ற ஒவ்வொரு தாயும் தன் மகளை இழுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தாள், என் பெண்ணையும், என் பெண்ணையும், முதலில் வந்தது நான், இல்லை நான் என்று வரிசையில் சண்டை பிடித்துக்கொண்டு. அறுபத்தொன்றில் பெண்கள் முப்பத்திரண்டு. புனிதர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, தெரியாது, தெரியாது, தெரியாது என்றார், கல்யாண வயது வந்தவர்களை, பல் விழுந்தவர்களை, கடைசியில் மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்றையும், அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தபோதே. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவர் முப்பத்திரண்டு மகள்களையும் தொலைத்துவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் கோழி சாப்பிடப் போனார்கள்.

அன்று படத்துக்குள் போனவர் திரும்பி வரவில்லை. ஆண்பிள்ளைகள் வீட்டுக்கும் வரவில்லை. வரைந்தபடி ஈட்டியோடு நின்றார், கண்கள் மட்டும் முன்பு போல் நேராகப் பார்க்காமல் தரையைப் பார்த்தன. ரொட்டி அடுப்படியில் புது விவாதம் கிளம்பியது: புனிதர் சொன்னது பொய்யாக இருக்க முடியாது, அதனால் அவர் உண்மையிலேயே மறந்துபோனார் என்றது ஒரு கட்சி, இன்னொரு கட்சி, நாற்பது வருஷத்தில் முதல்முறையாக, ஒன்றும் பேசாமல் ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது. ஃபோத்தினி தினமும் கோயிலுக்குப் போய்ப் படத்தின் முன் நின்றாள். பேசவில்லை, ஏனென்றால் எழுத்தர் ஊரிலேயே தங்கியிருந்தார், கல்யாணம் முடியும்வரை கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும் என்று ஆயர் உத்தரவு. அப்பா என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து விழுந்தால் போதும், பதிவேடு மறுபடி திறக்கும். ஆகவே படத்தின் கன்னத்துக் கரியை முந்தானையால் மெல்லத் துடைத்துவிட்டு வந்துவிடுவாள்.

அறுவடை முடிந்தது. பங்குச்சாமி மகன் கல்யாணம் என்பதால் ஆயரே வந்து இருவர் தலையிலும் கல்யாணக் கிரீடம் வைத்தார். பிறகு முற்றத்தில் நீளமாகப் பலகை போட்டு விருந்து: ஆட்டுக்கறி, வறுத்த மீன், பிசின் மணக்கும் வைன். பெண் பக்கத்தில், தகப்பன் உட்கார வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. பெரிய மாமா முறை என்று யாரையாவது உட்காரவைக்கலாம் என்றாள் மரீனா. ஃபோத்தினி கேட்கவில்லை.

மீன் பரிமாறும்போது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை. மேலங்கியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்தியிருந்தார், தன்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. அந்தத் துணியோ உள்ளேயிருந்த தங்க வட்டத்தால் விளக்குப் போட்ட கூடாரமாக எரிந்துகொண்டிருந்தது.  எழுத்தர் மைக்கூட்டைத் தேடினார்.

"யார் அது?" என்றார் ஆயர்.

ஃபோத்தினி எழுந்தாள். தலையில் கிரீடம் கோணலாகிவிட்டது, சரி செய்யவில்லை.

"தெரியலை, ஆயர் ஆண்டவரே" என்றாள்.  "யாரோ வழிப்போக்கர் போல இருக்கு. பசியோட வந்திருக்கார். வாசல்ல நிக்கறவங்கள சாப்பிடாம அனுப்பறது எங்க ஊர் வழக்கம் இல்லை."

ஆயர் அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுத்தரிடம், மீன் நன்றாக இருக்கிறது, ஆறிப்போகும், அந்த மைக்கூட்டை மூடிவிட்டுச் சாப்பிடு என்றார். சொல்லிவிட்டுத் தன் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

"வேற இடம் இல்லை, இங்கதான் காலியா இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, ஃபோத்தினி அந்த வழிப்போக்கரைத் தகப்பன் இடத்தில் உட்காரவைத்தாள். தட்டை அவளே வைத்தாள். 

"எந்த ஊருங்க உங்களுக்கு?"

"ரொம்ப தூரம்மா."

"பிள்ளைங்க இருக்காங்களா?"

அவர் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். முப்பது பெண்பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கைக்குழந்தை மட்டும் தூங்கிவிட்டது.

"பொண்ணுங்க நிறைய" என்றார். "ஒண்ணொண்ணா நல்ல இடத்துல குடுத்துட்டு வர்றேன். இன்னைக்கு ஒருத்திக்கு ஆச்சு."

ஃபோத்தினி தலையைக் குனிந்துகொண்டு, அவர் தட்டிலிருந்த மீனுக்கு முள் எடுக்க ஆரம்பித்தாள்.